மொத்தம் சரி, மணி பிழை: கதிர்வீச்சுத் தரவை இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கூரைச் சூரிய மின்தொகுதி வடிவமைப்புக்கு வரும் இளம் பொறியியலாளர்கள் நாசா பவர், பிவிஜிஐஎஸ், ஓப்பன்-மீட்டியோ ஆகிய இணையத் தரவுச் சேவைகளில் ஏதேனும் ஒன்றின் ஏபிஐ (நிரல்வழியே தரவு கேட்கும் வாயில்) வழியாகப் பல ஆண்டுகளின் மணிநேரச் சூரியக் கதிர்வீச்சுத் தரவை ஒரே பிற்பகலில் இறக்கிவிடுகிறார்கள். அதற்குப் பின் அவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் அவர்களுக்கு முன் வந்தவர்கள் செய்த அதே பிழைகள்தாம். திகதியின் வடிவத்தைத் தவறாக எழுதுவது, அனுமதிச் சாவியை விட்டுவிடுவது போன்றவற்றைச் சேவையகமே பிழைச்செய்தி தந்து திருத்திவிடும். எந்தச் செய்தியும் வராமல், நம்பத்தக்க எண்களாக வந்து சேரும் தவறுகளை மட்டும் இங்கு எழுதுகிறேன்.

அகலக்கோடும் நெடுங்கோடும் இடம்மாறுதல்

கொழும்பு வடக்கு 6.93, கிழக்கு 79.86. இவ்விரண்டையும் மாற்றி எழுதினாலும் சேவையகம் மறுக்காது, ஏனெனில் வடக்கு 79.86 என்பதும் உலகில் உள்ள அகலக்கோடுதான். சுவால்பார்ட் தீவுகளுக்கு மேற்கேயுள்ள ஆர்க்டிக் கடலின் தரவு வந்து சேரும். டிசம்பரில் கதிர்வீச்சு முழுவதும் பூச்சியமாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

−999

நாசா பவரில் இது விடுபட்ட தரவின் குறி. சராசரி எடுக்கும் முன் நீக்குங்கள்.

நேரம்

இந்தத் தவறைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இத்தனை காலமாகியும் ஒவ்வொரு புதிய கோப்பிலும் இதைக் காண்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

ஒவ்வொரு சேவையும் நேரத்தைத் தன் வழியில் குறிக்கிறது. நாசா பவரின் மணிநேரத் தரவு, நாம் வேறாகக் கேட்காவிட்டால், நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கப்பட்ட உள்ளூர்ச் சூரிய நேரத்தில் வரும். அது நம் கடிகார நேரமன்று. ஓப்பன்-மீட்டியோ, நேர வலயத்தைக் குறிப்பிடாவிட்டால், கிரீனிச் நேரத்தில் தரும். பிவிஜிஐஎஸ் தருவது யூடிசி, அதாவது கிரீனிச் நேரத்துக்கு இணையான உலகப் பொது நேரம். இதற்கு மேல், கோப்பில் 12:00 என்று குறித்த வரிசை எதைக் குறிக்கிறது என்ற கேள்வியும் உண்டு. ஓப்பன்-மீட்டியோவில் அது 11:00 முதல் 12:00 வரையான சராசரி. சில தொகுப்புகளில் அது 12:00 முதல் 13:00 வரையானது. வேறு சிலவற்றில் அந்தக் கணத்தின் மதிப்பு. இலங்கை நேரம் யூடிசியிலிருந்து ஐந்தரை மணி முன்னே இருப்பதால், மணிநேர வரிசைகளை முழு மணிகளாக நகர்த்தி நம் கடிகாரத்தோடு பொருத்தவே முடியாது. ஆயினும் பலர் ஐந்தைக் கூட்டிவிட்டு அரை மணியை விட்டுவிடுகிறார்கள். வரிசையின் நேரக் குறியைத் தவறாகப் புரிந்துகொள்வதால் இன்னொரு அரை மணி பிழையாகிறது. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்தால் ஒன்றையொன்று மறைக்கும். ஒரே திசையில் அமைந்தால் தரவு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்துவிடும்.

கொழும்பில் இப்பிழை எளிதில் அகப்படாததற்குக் காரணம் உண்டு. யூடிசி நாள் இங்கு அதிகாலை 5:30க்குத் தொடங்குகிறது. சூரியன் ஆண்டு முழுவதும் அதற்குப் பின்னரே உதிக்கிறது. ஆகவே ஒரு நாளின் வெயில் முழுவதும் ஒரே யூடிசி திகதிக்குள் அடங்கிவிடுகிறது. நாள் மொத்தமும் மாத மொத்தமும் வேறு மூலங்களோடு அழகாக ஒத்துப்போகின்றன. அந்த ஒப்புமையைப் பார்த்த பொறியியலாளர் தரவு சரிபார்க்கப்பட்டதாகக் குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

சேதம் சாய்தளக் கணக்கில், அதாவது சாய்ந்த தகட்டின் மேல் விழும் கதிர்வீச்சைக் கணிக்கும்போதுதான், வெளிப்படுகிறது. மார்ச் மாதத்தில் கொழும்பில் காலை 7:00க்குச் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 11 பாகை உயரத்திலும், 8:00க்கு ஏறத்தாழ 26 பாகை உயரத்திலும் இருக்கும். எட்டு மணியின் கதிர்வீச்சு ஏழு மணி வரிசையில் உட்கார்ந்திருந்தால், நேர்க்கதிரை (சிதறாமல் சூரியனிலிருந்து நேரே வரும் கதிர்வீச்சை) கணிக்கும் சூத்திரம் அதைத் தாழ்ந்த சூரியனின் உயரக் கோணத்தின் சைனால் வகுத்து, உண்மையைவிட இரு மடங்குக்கும் மேலான விடையைத் தரும். மாலையில் நேர்மாறு: ஆறு மணியின் மங்கிய ஒளி ஐந்து மணிச் சூரியனுக்கு உரியதாகிவிடும். கிழக்குக் கூரை பொன்னாகவும் மேற்குக் கூரை வீணாகவும் தோன்றும்.

இரத்மலானைப் பக்கத்தில் ஒரு களஞ்சியசாலைக்கு இவ்வாறே நடந்தது. ஆலோசனை நிறுவனம் ஒன்று தயாரித்த அறிக்கையை நம்பி, உரிமையாளர் தகடுகளில் பெரும்பகுதியைக் கிழக்குப் பக்கமே பொருத்திவிட்டார். அவருடைய குளிரூட்டிகளோ பிற்பகலில்தான் மின்சாரத்தை இழுத்தன. காலையில் அறிக்கை சொன்ன அளவு உற்பத்தி வராதபோது, முதலில் இன்வேட்டரையும் பிறகு கதிர்வீச்சு அளவியையும் சந்தேகித்து, அளவியை மாற்றியும் பார்த்தார்கள். மூலக் கோப்பில் நேரக் குறியை எவரும் திறந்து பார்க்கவில்லை. அறிக்கை எழுதியவர் காலைக்கும் மாலைக்கும் இடையே தெரிந்த வேறுபாட்டுக்குப் பிற்பகல் மழைமேகமே காரணம் என்று எழுதியிருந்தார். கொழும்பில் அந்த விளக்கம் எவருக்கும் உறுத்தாது, ஏனெனில் இடைப்பருவ மாதங்களில் இங்கு பிற்பகல் இடிமழை உண்மையிலேயே உண்டு. உண்மையான காரணம் ஒன்று பக்கத்திலேயே இருப்பதால் பொய்யான வளைவு பிழைத்துக்கொள்கிறது என்பதே எனக்கு மிகுந்த வேதனை.

எனவே மேகமற்ற சனவரி, பெப்ரவரி நாட்களைத் தெரிந்தெடுத்து வரைபடமாக இடுங்கள். நம் நேர வலயத்தின் நடுக்கோடு 82.5 பாகை, கொழும்பு அதற்கு மேற்கே இருப்பதால் இங்கு சூரிய உச்சி சராசரியாக 12:10 அளவில் நிகழ்கிறது, பெப்ரவரியில் 12:25 வரை தாமதித்து, நவம்பர் தொடக்கத்தில் 11:55க்குச் சற்று முன்பாகவும் வரும். தெளிந்த நாளின் வளைவு அந்த நேரத்தைச் சுற்றி இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். நேர்க்கதிர் எந்த வரிசையிலாவது சதுர மீற்றருக்கு 1361 வாட்டைத் தாண்டினால், அது வளிமண்டலத்துக்கு வெளியே சராசரியாகக் கிடைப்பதைவிட மிகுதி, பிழை உறுதி.

தீர்வு, தொடக்கம் முதல் இறுதி வரை யூடிசியிலேயே கணக்கிடுவது. சூரிய நிலையை ஒவ்வோர் இடைவெளியின் நடுப்புள்ளிக்குக் கணியுங்கள். இன்வேட்டரின் ஐந்து நிமிடப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டுமானால், அப்பதிவுகளை யூடிசி மணிகளாகத் தொகுங்கள். மணிநேரத் தரவை அரை மணிக்கு இடைச்செருகிப் பொருத்தாதீர்கள். கடிகார நேரம் வாடிக்கையாளருக்குக் காட்டும் கடைசி வரைபடத்தில் மட்டும் வந்தால் போதும்.

நீண்டகாலத் தொடர் எடுப்போருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. இலங்கை 1996 மே மாதத்தில் யூடிசிக்கு ஆறரை மணியும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியும் முன்னே வைத்து, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. நேர வலயத்துக்கு ‘ஆசியா/கொழும்பு’ என்று கொடுத்தால் நிரல் இந்த வரலாற்றை நேர்மையாகப் பின்பற்றும். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரையான வரிசைகள் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும்.

மழையின் நாள்

நம் வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8:30 வரையான 24 மணிநேர மழையைப் பதிகிறது. ஏபிஐ தரும் நாள் மழை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையானது. மாலை இடிமழை பெய்த திகதி இரண்டிலும் வேறுபடுவதைக் கண்டு, செய்மதித் தரவே தவறு என்று முடிவெடுக்காதீர்கள்.

அலகு

நாசா பவரில் வேளாண் பிரிவைத் தெரிவு செய்தால் நாள் கதிர்வீச்சு மெகாயூலில் வரும். புதுப்பிக்கத்தக்க சக்திப் பிரிவில் கிலோவாட் மணியில் வரும். இடையே 3.6 மடங்கு. ஈஆர்ஏ5-லாண்ட் என்ற ஐரோப்பிய வானிலைத் தரவுத் தொகுப்போ யூடிசி நள்ளிரவிலிருந்து கூட்டிக்கொண்டே வரும் யூல் மதிப்பைத் தருகிறது. மணிக்கு மணி வித்தியாசம் எடுக்காமல் அப்படியே கூட்டுபவர்கள் சகாராவிலும் காணாத வெயிலைக் கொழும்பில் காண்பார்கள்.

திசைக்கோணம்

தகடு நோக்கும் திசையைக் குறிக்கும் இக்கோணத்தில், பிவிஜிஐஎஸ்ஸில் தெற்கு 0. பல மென்பொருள்களில் தெற்கு 180.

கட்டத்தின் பருமன்

நாசா பவரின் கதிர்வீச்சுக் கட்டம், அதாவது ஒரே எண் தரப்படும் சதுரத்தின் பக்கம், ஒரு பாகை. ஏறத்தாழ 111 கிலோமீற்றர். வெள்ளவத்தைக்கும் மொரட்டுவைக்கும் தனித்தனியே கேட்டு, இரண்டும் ஒன்றாக இருப்பதைக் கண்டு துல்லியம் என்று மகிழ வேண்டாம். இரண்டும் ஒரே எண்தான்.

மூலக் கோப்பு

வந்த கோப்பைத் தொடாமல், கேட்ட முகவரியையும் இறக்கிய திகதியையும் சேர்த்துச் சேமியுங்கள். நாசா பவரின் அண்மை மாதங்களின் கதிர்வீச்சு தற்காலிக மதிப்பாக முதலில் வந்து, பின்னர் திருத்திய மதிப்பால் மாற்றப்படுகிறது. அடுத்த ஆண்டு அதே முகவரி வேறு எண்ணைத் தந்தால், ஒப்பிடுவதற்குப் பழைய கோப்பு கையில் இருக்க வேண்டும்.