ஆஃபென்ஸ் பார்த்து கோச் எடுப்பது எப்படி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் தேர்வுக் குழுவுக்கு

கோச்சைத் தேடும் முன் உங்கள் வீரர் பட்டியலை எடுத்து எண்ணுங்கள். டைட் எண்ட் (தடுப்பது, பந்து பிடிப்பது இரண்டையும் செய்பவர்) எத்தனை பேர்? 300 பவுண்டைத் தாண்டிய லைன்மேன்கள் (முன்வரிசையில் நின்று தடுப்பவர்கள்) எத்தனை பேர்? குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) பந்தோடு ஓடக்கூடியவரா, நின்று எறிபவரா? புதிய கோச் வரும்போது ஒரு ஆஃபென்ஸ் முறையும், அதாவது பந்தோடு முன்னேறும் வழியும், கூடவே வருகிறது. அதை ஆட ஆள் இல்லையென்றால் முதல் இரண்டு சீசன்கள் வீணாகலாம்.

ஜார்ஜியா டெக்கில் நடந்ததைப் பாருங்கள். பால் ஜான்சன் 2008 முதல் 2018 வரை அங்கே ட்ரிபிள் ஆப்ஷன் ஆடவைத்தார். பந்தோடு யார் ஓடுவது என்று மூன்று வழிகளில் ஒன்றைக் குவார்ட்டர்பேக் ஓடும்போதே தேர்ந்தெடுப்பார். அந்த ஆட்டத்தில் டைட் எண்டுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. லைன்மேன்கள் எடை குறைந்து, சட்டென்று நகர்பவர்களாக இருப்பார்கள். ரிசீவர்கள் பந்து பிடிப்பதைவிட எதிராளியைத் தடுப்பதே அதிகம். 2019-ல் வந்த ஜெஃப் காலின்ஸ் வீரர்களை மைதான அகலத்துக்குப் பரப்பி நிறுத்தும் ஸ்ப்ரெட் முறைக்கு மாறினார். கையில் இருந்ததோ ஆப்ஷனுக்காகச் சேர்த்த ஆட்கள். மூன்று முழு சீசன்களிலும் தலா 3 வெற்றிதான். 2022 செப்டம்பரில் அவர் நீக்கப்பட்டார்.

மிச்சிகனில் இதே சிக்கல் தலைகீழாக வந்தது. ரிச் ராட்ரிகெஸ் 2008-ல் ஓடும் குவார்ட்டர்பேக்கை நம்பிய ஸ்ப்ரெட் ஆப்ஷனைக் கொண்டுவந்தார். எறிவதில் பலமான குவார்ட்டர்பேக் ரயன் மாலெட் ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். 33 சீசன்கள் தொடர்ந்து போல் ஆட்டத்துக்கு (சீசன் முடிவில் நடக்கும் அழைப்பு ஆட்டம்) போன அணி அந்த ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வியோடு வீட்டில் உட்கார்ந்தது.

அதற்காக, பட்டியல் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல கோச்சை ஒதுக்கிவிடாதீர்கள். வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபின் குவார்ட்டர்பேக்கையும் ரிசீவர்களையும் ஒரே குளிர்காலத்தில் மாற்றிவிட முடிகிறது. லைன் அப்படியில்லை. நல்ல டேக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்பவர்) கிடைப்பது அரிது, கிடைத்தாலும் ஐந்து பேரும் ஒன்றாக ஆடிப் பழக மாதங்கள் ஆகும். எனவே பொருத்தம் பார்க்கும்போது லைனுக்கே அதிக எடை கொடுங்கள்.

அடுத்தது புள்ளிவிவரம். ஆட்டத்துக்கு இத்தனை யார்டு என்ற கணக்கை ஓரமாக வையுங்கள். வேகமாக ஆடும் அணிக்கு பிளே (பந்தை நகர்த்தும் ஒவ்வொரு முயற்சி) எண்ணிக்கை கூடும், அதனால் யார்டும் கூடும். ஒரு டிரைவுக்கு (பந்து கையில் இருக்கும்வரை தொடரும் பிளேக்கள்) எத்தனை புள்ளி, ஒரு பிளேக்கு எத்தனை யார்டு என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு பிளேயும் வெற்றியா தோல்வியா என்று பிரியுங்கள்: முதல் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் முதலாவது) தேவையான தூரத்தில் 50 சதவீதம், இரண்டாவதில் 70, மூன்றாவது நான்காவதில் முழுத் தூரம் கிடைத்தால் வெற்றி. முடிவு தெரிந்துவிட்ட கடைசிக் கால்பகுதிகளை நீக்கிவிடுங்கள். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் சாக் ஆனால் (எறியும் முன் வீழ்த்தப்பட்டால்) அந்த இழப்பு ரன்னிங் கணக்கில் ஏறும். அதைப் பாஸ் கணக்குக்கு மாற்றாமல் பார்த்தால், ஓட்டம் பலவீனம், பாஸ் பலம் என்று பொய்யான படம் கிடைக்கும்.

வீடியோ பார்க்கும்போது ஹைலைட்ஸ் வேண்டவே வேண்டாம். முதல் 15 பிளேக்களைப் பல கோச்கள் வாரம் முழுக்க யோசித்து எழுதி வைத்துக்கொண்டு வருவார்கள். அது நன்றாக ஓடுவதில் வியப்பில்லை. அதற்குப் பின் வரும் டிரைவ்கள், இடைவேளைக்குப் பிந்தைய முதல் டிரைவ், மூன்றாவது டவுனில் 7 யார்டுக்கு மேல் தேவைப்பட்ட பிளேக்கள், இவற்றைத் தனியாக வெட்டிப் பாருங்கள். ஆப்ஷன் பிளே என்றால் தடுக்காமல் விடப்பட்ட டிஃபென்சிவ் எண்ட் (எதிரணி முன்வரிசையின் ஓரத்து ஆள்) மேலேயே கண் இருக்கட்டும். அவர் ரன்னிங் பேக்கை நோக்கிப் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு ஓட வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றால் கொடுத்துவிட வேண்டும். இந்த முடிவு திரும்பத் திரும்பத் தவறினால் கோளாறு பயிற்சியில்தான் இருக்கிறது. ஆர்பிஓ பிளேயில் (ஓட்டமா பாஸா என்று குவார்ட்டர்பேக் நடுவிலேயே முடிவெடுப்பது) லைன்மேன்களின் காலைப் பாருங்கள். பந்து கையை விட்டுப் போகும் முன் அவர்கள் 3 யார்டுக்கு மேல் முன்னேறியிருந்தால் பெனால்டி. பெரிய ஆட்டத்தில் ரெஃபரி அதைப் பிடிப்பார்.

எந்த முறைக்கும் எதிரிகள் மாற்று மருந்து கண்டுபிடிப்பார்கள். 2020-ல் மைக் லீச், பெரும்பாலும் எறிந்தே ஆடும் ஏர் ரெய்டு முறையோடு மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு வந்தார். முதல் ஆட்டத்திலேயே எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட்) எதிராகக் குவார்ட்டர்பேக் 623 யார்டு எறிந்தார். அதன் பிறகு எதிரணிகள் மூன்று பேரை மட்டும் குவார்ட்டர்பேக் மேல் பாயவிட்டு, எட்டுப் பேரைப் பாஸைத் தடுக்கப் பின்னால் நிறுத்தின. சீசன் 4 வெற்றி, 7 தோல்வியில் முடிந்தது. பொறுத்திருந்ததன் பலனாக 2021-ல் 7, 2022-ல் 9 வெற்றிகள் வந்தன. ஆகவே நேர்காணலில், "எட்டுப் பேர் பின்னால் நின்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, பலகையில் வரையச் சொல்லுங்கள். உடனே ஓட்டப் பிளேயை வரைபவரும், குறுகிய பாஸ்களைப் பொறுமையாக அடுக்குபவரும் இருப்பார்கள். இரண்டுமே நல்ல பதில்தான். "எங்கள் ஆட்டத்தை நாங்கள் ஆடுவோம்" என்பது பதிலாகாது.

அதே மேசையில் உங்கள் வீரர் பட்டியலையும் கொடுத்து, முதல் சீசனுக்கான டெப்த் சார்ட்டை (எந்த இடத்தில் யார் முதல், யார் மாற்று என்ற பட்டியல்) எழுதச் சொல்லுங்கள். போர்ட்டலில் யார் யார் வேண்டும், எந்தப் பிளேக்களை முதல் ஆண்டு தள்ளிவைப்பார் என்றும் கேளுங்கள். பழைய வேலையில் பிளே அழைத்தது அவரா, அவருடைய தலைமைக் கோச்சா என்பதை வெளியே விசாரித்து உறுதிசெய்யுங்கள். டிஃபென்ஸ் பயிற்சியையும் மறக்கக் கூடாது. தினமும் சொந்த ஆப்ஷன் ஆஃபென்ஸையே எதிர்கொள்ளும் டிஃபென்ஸுக்கு, இரண்டு டைட் எண்டோடு நேராக இடித்து வரும் அணியைச் சமாளிக்கத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது பையவுட், அதாவது கோச்சை இடையில் நீக்கினால் தர வேண்டிய தொகை. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, சுமார் 7.6 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. அவர் வேறு வேலையில் சேர்ந்தாலும் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமில்லை. அந்தக் கழிவு விதி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தலைமைக் கோச் மாறும்போது வீரர்களுக்குப் போர்ட்டலில் நுழையத் தனி அவகாசம் திறக்கும். அதனால் புதிய கோச் வந்திறங்கிய அன்றே, செய்தியாளர் சந்திப்புக்கும் முன்னால், லைன்மேன்களையும் குவார்ட்டர்பேக்கையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேச ஏற்பாடு செய்யுங்கள்.