டிராமை ரயில் பாதையில் ஏற்றும் முன்

எங்கள் ஊரிலும் டிராம்-ரயில், அதாவது தெருவிலும் ரயில் பாதையிலும் ஓடும் டிராம், விடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் வண்டியைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. ரயில் நிலையத்தில் இறங்கி கடைவீதி வரை நடந்துவிட்டு வாருங்கள் என்பேன். ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால் திட்டத்தை மூடி வைத்துவிடலாம்.

நான் கால அட்டவணை போடும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் பிரச்சினையே அந்த நடைதான். 1913இல் பெரிய நிலையத்தைத் தெற்கே தள்ளிவிட்டார்கள். நகர நடுவில் உள்ள மார்க்கெட் சதுக்கம் அங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டர். பக்கத்து ஊரான பிரெட்டனிலிருந்து வருகிறவர் ரயிலை விட்டு இறங்கி டிராமுக்குக் காத்திருக்க வேண்டும். 1992 செப்டம்பரில் எங்கள் போக்குவரத்து நிறுவனத்தை நடத்திய டீட்டர் லுட்விக் தலைமையில் டிராமையே ரயில் பாதையில் ஏற்றி, பிரெட்டன்காரர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே கடைவீதிக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் புது நிறுத்தங்களும் சேர்த்தார்கள். டிராம் சட்டென்று வேகமெடுக்கும் என்பதால் அது பெரிய நஷ்டமில்லை. கூட்டம் பல மடங்கானது.

மின்சாரத்தைக் கண்டு மிரள வேண்டாம். தெருவில் 750 வோல்ட் நேர்மின்சாரம், ரயில் பாதையில் 15,000 வோல்ட் மாறுமின்சாரம். இடையில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டு. வண்டி அதை உருண்டே கடந்து, தானாக மாறிக்கொள்ளும். பணம் இருந்தால் தீர்கிற விஷயம்.

சக்கரம் அப்படியில்லை. தெருத் தண்டவாளத்தின் பள்ளம் குறுகல். ரயில் சக்கரத்தின் விளிம்பு அதில் அடங்காது. மெல்லிய டிராம் விளிம்போ ரயில் பாதை பிரியும் இடத்து இடைவெளியில் தடம் மாறப் பார்க்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு வடிவம் செதுக்க வேண்டும். ஆகவே வண்டிக்கு டெண்டர் விடும் முன் இரண்டு தண்டவாளங்களையும் அளந்து முடியுங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் - ராதர்ஹாம் டிராம்-ரயில் பாதையில், ரயில் பாதை வேலைக்கு 1.5 கோடி பவுண்டு என்று தொடங்கிய மதிப்பீடு சுமார் 7.5 கோடியில் நின்றது. வண்டி ஓடியது 2018 அக்டோபரில். முதல் மதிப்பீட்டை நம்பாதீர்கள்.

நடைமேடையையும் அளவு நாடா பிடித்துப் பாருங்கள். ஜெர்மனியில் 38, 55, 76 சென்டிமீட்டர் என்று பல உயரங்கள் உண்டு. எங்கள் வண்டியின் அகலம் 2.65 மீட்டர், சரக்கு ரயிலுக்காகத் தள்ளிக் கட்டிய மேடைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு குழந்தையின் கால் போகும். நீளும் படி வேண்டும்.

இனி என் தொழில். அட்டவணையைத் தெருவிலிருந்து தொடங்காதீர்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் எங்கே விலகுகின்றனவோ, அங்கே தொடங்குங்கள். அந்த நிமிடம் நகராது, மற்றதெல்லாம் நகரும். அப்புறம் தெருவுக்குள் நுழையும் முன் கொஞ்சம் நேரத்தை ஒளித்து வையுங்கள். ஆரம்ப காலத்தில் நான் அங்கே ஒரே ஒரு நிமிடம்தான் வைத்தேன். ஒரு திங்கட்கிழமை சரக்கு ரயில் ஒன்று முன்னால் ஊர்ந்தது. எங்கள் வண்டி 4 நிமிடம் தாமதமாக வந்து தன் இடத்தை இழந்து, வேறு டிராம்களுக்கு நடுவில் புகுந்தது. காலை முழுக்க நகரமே திணறியது. இப்போது 3 நிமிடம் வைக்கிறேன். ஆனால் ஆளில்லாத நிறுத்தத்தில் அல்ல. சும்மா நின்றால் பயணிகள் திட்டுவார்கள். அதிகம் பேர் ஏறி இறங்கும் நிறுத்தத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது.

எத்தனை தடங்களை நடுத்தெருவுக்குள் விடுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஜெர்மன் சட்டப்படி தெருவில் ஒரு வண்டித்தொடரின் நீளம் 75 மீட்டரைத் தாண்டக் கூடாது, அதனால் வண்டியை நீட்டித் தப்பிக்க முடியாது. எல்லா ஊரும் நேரடி வண்டி கேட்டு, நாங்களும் கொடுத்துக்கொண்டே போனதில் கடைவீதியான கைசர் வீதியில் டிராம்கள் மஞ்சள் சுவர் மாதிரி நின்றன. கடைசியில் சுரங்கம் தோண்டி, 2021 டிசம்பரில்தான் அவற்றைக் கீழே இறக்கினோம்.

சரி, ஓட்டுநர்களை மறந்துவிட்டேன். தெருவில் கண் பார்த்து ஓட்ட வேண்டும், ரயில் பாதையில் சிக்னல் பார்த்து. ஒரே ஆளுக்கு இரண்டு பயிற்சியும் வேண்டும். வண்டி வருவதற்கு வெகு முன்பே ஆள் எடுக்கத் தொடங்குங்கள்.