வேவ் ரேஸ் 64: வாங்குவதிலும் விளையாடுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் நண்பரின் மகன், கல்லூரியில் படிப்பவன், கையில் ஒரு பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தான். உள்ளே நின்டெண்டோ 64 வீடியோ கேம் கருவிக்கான வேவ் ரேஸ் 64 என்ற நீர்ப்பந்தய ஆட்டத்தின் கேட்ரிஜ், அதாவது ஆட்டம் பதிந்த, கருவியில் செருகும் பிளாஸ்டிக் துண்டு, இருந்தது. வாங்கிய விலையைப் பெருமையாகச் சொன்னான்; பிறகு விளையாட உட்கார்ந்தான். அடுத்த அரை மணி நேரத்தில், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் அவன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்ரிஜின் முனையில் வாயால் ஊதக் கூடாது என்பது போல எல்லோரும் சொல்லும் அறிவுரைகளை இங்கே தவிர்த்துவிட்டு, அனுபவப்பட்ட பிறகே புரிகிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீரைத் தார்ச்சாலையாக நினைப்பது

இந்த ஆட்டம் 1996 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கே ஒரு கண்காட்சியில் காட்டப்பட்ட முன்வடிவத்தில் விசைப்படகுகள்தாம் ஓடின; பின்னரே அவற்றின் இடத்தில் ஜெட் ஸ்கிகள் என்ற நீர் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. வாகனம் மாறினாலும் ஆட்டத்தின் உயிர் அலையில்தான் இருக்கிறது. அலை இங்கே பின்னணிப் படம் அன்று. அது உங்கள் வண்டியைத் தூக்கும், சாய்க்கும், நீங்கள் திருப்ப நினைத்த நொடியில் வண்டியின் அடிப்பகுதியை நீரிலிருந்து பிரித்துவிடும். நீரைத் தொடாத வண்டி திரும்பாது. கார்ப் பந்தய ஆட்டங்களில் பழகியவர்கள் வளைவு கண்ணில் பட்டதும் ஸ்டிக்கை ஓரம்வரை தள்ளுகிறார்கள். “கார்ல இப்படித்தானே மாமா திருப்புவோம்?” என்று அந்தப் பையனும் கேட்டான். அலையின் உச்சியில் ஸ்டிக்கைத் தளர்த்தி, வண்டி கீழே இறங்கி நீரில் அமர்கிற கணத்தில் திருப்பத் தொடங்கினால், பாதித் திருப்பத்தை அலையே உங்களுக்காகச் செய்துவிடும்.

தடமும் ஒரே நிலையில் இருப்பதில்லை. டிரேக் லேக் என்ற தடத்தில் நீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கும். முதற்சுற்றில் கண்ணை மறைத்த மூடுபனி மெல்ல விலகும். சதர்ன் ஐலண்ட் என்ற தடத்தில் சுற்றுக்குச் சுற்று நீர்மட்டம் இறங்கும். முதற்சுற்றில் மனப்பாடம் செய்த பாதையைக் கடைசிச் சுற்றில் அப்படியே நம்புபவர் எங்காவது மோதி நிற்பார்.

மிதவையை விட்டுவிட்டுக் குறுக்கே பாய்வது

சிவப்பு மிதவைக்கு வலப்புறமாகவும் மஞ்சள் மிதவைக்கு இடப்புறமாகவும் கடக்க வேண்டும். ஒவ்வொரு முறை சரியாகக் கடக்கும்போதும் விசைக்கோடு ஒரு படி ஏறும்; ஐந்து படிகள் நிறைந்தால்தான் வண்டி தன் முழு வேகத்தைக் காட்டும். ஒரு மிதவையைத் தவறவிட்டால் சேர்த்த விசை முழுவதும் பறிபோகும். ஐந்து தவறுகள் சேர்ந்தால் பந்தயத்திலிருந்தே வெளியேற்றப்படுவீர்கள். குறுக்கே பாய்ந்து சில நொடிகளை மிச்சம் பிடித்தவர், அதன் பிறகு விசையில்லாத வண்டியோடு அடுத்த ஐந்து மிதவைகள்வரை தவழ்கிறார். மிக நெருக்கடியான இடத்தில் ஒன்றைத் தெரிந்தே விடுவது பழகியவர்களின் தந்திரம். அந்தக் கணக்கு கைவர நாளாகும்.

முதல் நாளே டேவ் என்ற ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பது

வேண்டாம். அவருக்கு உச்ச வேகம் அதிகம், திருப்பம் கடினம். ரியோட்டாவிலிருந்து தொடங்குங்கள்.

தேய்ந்த ஸ்டிக்கை வைத்து ஆட்டத்தைக் குறை சொல்வது

நின்டெண்டோ 64 கன்ட்ரோலரின் அனலாக் ஸ்டிக் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உராய்ந்து சுழல்கிறது. ஆண்டுக்கணக்கில் உராய்ந்தபின் அது தளர்ந்து, விட்டால் நடுவுக்குத் திரும்பாமல் தொங்கும். கன்ட்ரோலரைத் திறந்தால் கிண்ணத்தின் அடியில் கோலமாவு சிந்தியதுபோல வெள்ளைத் தூள் படிந்திருக்கும். பொத்தான்களை நம்பியிருக்கிற ஆட்டங்களில் இது பெரிய தொல்லை தராது. சாய்வின் அளவை மயிரிழையில் கணக்கிடும் இந்த ஆட்டத்திலோ பாதி உயிர் போய்விடும். பழைய கன்ட்ரோலரோடு விளையாடிவிட்டு “இது ஒன்றும் பிரமாதமில்லை” என்று கேட்ரிஜை விற்றுவிட்ட இருவரை எனக்குத் தெரியும். அவற்றுள் ஒன்றை வாங்கியவன் நான்.

“முழுமையானது” என்ற சொல்லை நம்பிப் பெட்டியோடு வாங்குவது

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அதனால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் உலகெங்கும் ஏறக்குறைய 30 லட்சம் பிரதிகள் விற்றது. எனவே பெட்டியில்லாத கேட்ரிஜ் அரிய பொருளே அன்று. “கிடைப்பதற்கு அரிது” என்று சொல்லி அதை விற்பவரிடமிருந்து விலகி நடப்பது நல்லது. பெட்டியின் கதை வேறு. பிளேஸ்டேஷன் ஆட்டங்கள் பிளாஸ்டிக் உறையில் வந்த அதே காலத்தில் இவை மெல்லிய அட்டைப் பெட்டியில் வந்தன. பிள்ளைகள் அவசரத்தில் கிழித்துத் திறந்தார்கள், மீதியைப் பெரியவர்கள் குப்பையில் போட்டார்கள். இன்று சேகரிப்பாளர் தருகிற கூடுதல் விலையில் பெரும்பகுதி அந்த அட்டைக்கும் அதனுள்ளே கேட்ரிஜைப் பிடித்துவைக்கும் தாங்கிக்கும் கையேட்டுக்கும்தான்.

பெட்டியிலும் வகைகள் உண்டு. அமெரிக்காவில் 1996இல் வந்த முதற்பதிப்பின் பெட்டியில் ஆட்டத்தின் பெயரோடு “கவாசாகி ஜெட் ஸ்கி” என்ற துணைத்தலைப்பு இருக்கும். நன்றாக விற்ற ஆட்டங்களைப் பின்னர் “பிளேயர்ஸ் சாய்ஸ்” என்ற முத்திரையோடு குறைந்த விலையில் மறுபடி வெளியிட்டார்கள். இந்த ஆட்டமும் அவ்வாறு வந்தது, அந்தப் பெட்டிக்குச் சேகரிப்பாளரிடையே மதிப்புக் குறைவு. ஜப்பானில் மட்டும் 1997 ஜூலையில் கன்ட்ரோலரை அதிரவைக்கும் அதிர்வு பேக்கை ஆதரிக்கும் “ஷிண்டோ” பதிப்பு தனியாக வந்தது.

இவை எல்லாம் தெரிந்திருந்தும் நான் ஏமாந்தேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் “முதற்பதிப்பு, முழுமையானது” என்று விளம்பரம் செய்து மூன்று படங்கள் போட்டிருந்தார். பெட்டியின் முன்பக்கத்தில் ஓர் ஓரத்தில் விளக்கொளி விழுந்து வெளுத்திருந்தது. படமெடுத்தவருக்குக் கை வரவில்லை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். பொருள் கையில் வந்தபோது, அந்த வெளுப்பு இருந்த அதே இடத்தில் பிளேயர்ஸ் சாய்ஸ் முத்திரை பளிச்சென்று இருந்தது. கேட்ரிஜ் மட்டும் உண்மையான முதற்பதிப்பு. கையேட்டைப் புரட்டியதும் தாள் வழக்கத்தைவிடத் தடித்திருப்பது விரலுக்கே தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஆஃப்செட் அச்சில் பூப்போல வட்டமிட்டு நிற்க வேண்டிய வண்ணப் புள்ளிகள் மழைத்தூறல்போலச் சிதறிக் கிடந்தன. யாரோ ஸ்கேன் செய்து வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த நகல் அது. கேட்டதற்கு, “பெட்டி இருக்கிறது, கையேடு இருக்கிறது, கேட்ரிஜ் இருக்கிறது, இதில் எது குறை?” என்று பதில் வந்தது. திருப்பி அனுப்பும் செலவைக் கணக்கிட்டால் வாங்கிய விலையில் பாதியைத் தொட்டது. அந்தப் பெட்டி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, முதுகைக் காட்டியபடி.

ஆகவே விலை பேசுவதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கங்களையும், மடல்கள் திறந்த நிலையில் உட்புறத்தையும், தாங்கியையும், கையேட்டின் நடுப்பக்கத்தில் பின் குத்தியிருக்கும் இடத்தையும் தனித்தனிப் படமாகக் கேளுங்கள். ஒளி விழுந்து மறைந்த இடம் எது இருந்தாலும் அந்தப் படத்தை மறுபடி எடுத்தனுப்பச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். கேட்ரிஜின் பின்பக்க ஒட்டுத்தாளில் அழுத்திப் பதித்த சிறிய எண் ஒன்று இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும், அதனால் சாய்த்தே படமெடுக்கச் சொல்லுங்கள். நேரில் வாங்கினால் கேட்ரிஜின் திருகுகளைக் கழற்றும் 3.8 மி.மீ. கேம்பிட் திருப்புளி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். திறந்து காட்ட விற்பவர் ஒப்புக்கொண்டால், சுற்றுப்பலகையில் நின்டெண்டோவின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துகளுள்ள சிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பசைத்துளி உறைந்திருந்தால் அது போலி.

விலைச் சீட்டை உரிப்பது

அப்படியே விட்டுவிடுங்கள். வாடகைக் கடைச் சீட்டு ஒன்றை நான் நகத்தால் நெம்பினேன். சீட்டோடு ஜெட் ஸ்கியின் முன்பாதியும் கையோடு வந்துவிட்டது.

நாட்டுப் பதிப்பைப் பாராமல் வாங்குவது

வேறு நாட்டு ஆட்டத்தை ஓடவிடாமல் தடுக்க உள்ளே இருக்கும் பூட்டுச் சிப்பு ஜப்பானிய, அமெரிக்கக் கேட்ரிஜ்களில் ஒரே வகைதான். பின்பக்க பிளாஸ்டிக் வடிவம் மட்டுமே செருகவிடாமல் தடுக்கும். ஐரோப்பியப் பதிப்பின் பூட்டுச் சிப்பு வேறானது, அது மற்ற இரு நாட்டுக் கருவிகளில் ஓடாது. எங்களூர் டிவியும் ஐரோப்பாவைப் போலப் பால் (PAL) ஒளிபரப்பு முறைதானே என்று எண்ணி ஐரோப்பியக் கேட்ரிஜை வாங்கி, அமெரிக்கக் கருவியில் செருகிவிட்டுக் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு.

விளையாட மட்டும் நினைப்பவர் பெட்டியைத் தேடுவது

தேவையில்லை. 2022 முதல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியின் சந்தாச் சேவையிலேயே இந்த ஆட்டம் கிடைக்கிறது. 2007இல் நின்டெண்டோவின் வீ (Wii) கருவிக்கு வந்த பதிப்பில் கவாசாகி விளம்பரப் பலகைகளை மாற்றிவிட்டார்கள் என்பதால், அந்தப் பலகைகளோடுதான் வேண்டும் என்பவருக்குப் பெட்டியில்லாத கேட்ரிஜ் போதும்.

“புது பேட்டரி போட்டது” என்பதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது

இந்தக் கேட்ரிஜில் பேட்டரியே கிடையாது. பதிவுகள் மின்சாரம் இல்லாமலும் நினைவை வைத்திருக்கும் ஒரு சிறு ஈப்ராம் (EEPROM) சிப்பில் சேமிக்கப்படுகின்றன. நண்பரின் மகன் அந்தப் பேட்டரிக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருந்தான்.