55 அங்குலத் திரையும் ஏழடி தூரமும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு 55 அங்குல 4கே தொலைக்காட்சி வந்த அன்றே அம்மாவின் முகம் வாடிவிட்டது. கிரிக்கெட்டில் பந்து கலங்கித் தெரிந்தது. ஓட்ட எண்களின் ஓரங்கள்கூடப் பிசிறடித்தன. பெட்டிதான் பழுது என்று நானும் நினைத்தேன்.

பிறகு அளவுநாடாவை எடுத்தேன். திரையின் உயரம் ஏறக்குறைய 68 சென்றிமீற்றர். தொலைக்காட்சிப் படம் மேலிருந்து கீழாக அடுக்கிய கிடை வரிகளால் ஆனது; நாங்கள் பார்த்த படம் பழைய 576 வரிகளில் வந்தது. ஒரு வரி 1.2 மில்லிமீற்றர் தடிப்பு. நல்ல கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். அப்படிக் கணக்கிட்டால், வரிகள் கண்ணுக்கு மறைய 4 மீற்றர், அதாவது பதின்மூன்று அடி தள்ளி அமர வேண்டும். எங்கள் சோபாவோ ஏழடியில்; அதற்குப் பின்னால் சுவர். 1080 வரிப் படத்துக்கு 2.2 மீற்றர் போதும், எங்கள் இடத்துக்கு அளவெடுத்தது போல. 4கேயின், அதாவது 2160 வரிகளின், முழு நுணுக்கத்துக்கு 1.1 மீற்றர் வரை நெருங்க வேண்டும். வயதான கண்களுக்கு அந்தத் துன்பம் வேண்டாம்.

அலைவரிசைகளைத் தரும் டிகோடர் பெட்டியை மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கேபிளில் பூட்டியிருந்தார்கள். அந்த மஞ்சள் கேபிளால் உயர்துல்லிய (எச்டி) படத்தைக் கடத்தவே முடியாது! அதைக் கடத்தக்கூடிய எச்டிஎம்ஐ கேபிள் பூட்டி, வெளியீட்டை 1080 ஆக்கி, எச்டி அலைவரிசைக்கு மாறினோம். பழைய அலைவரிசைகள் இன்னும் மங்கல்தான். மறுஒளிபரப்பில் பந்தின் தையலை அம்மா சோபாவில் இருந்தபடியே காட்டுகிறார்.