கன்டெய்னருக்குள் தமிழ் உடையாமல் இருக்க

டெபியன் என்ற லினக்ஸின் டாக்கர் இமேஜை அப்படியே கன்டெய்னராக ஓட்டினால், உள்ளே மொழியைச் சொல்லும் 'லாங்' என்ற சூழல் மாறி காலியாக இருக்கும். காலி என்றால் சி லோகேல் (லோகேல் என்பது மொழி, எழுத்துக் குறியாக்கம், அகரவரிசை பற்றிய அமைப்பு). போசிக்ஸ் லோகேல் என்பதும் அதுதான். அந்த லோகேலில் ஒரு எழுத்துக்கு ஒரே பைட் என்று யூனிக்ஸ் வகை கணினிகளுக்கான போசிக்ஸ் தரமே விதிக்கிறது. தமிழ் எழுத்துக்கோ யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் மூன்று பைட் வேண்டும். அதனால் சி லோகேல் தானாக யூடிஎஃப்-8 ஆக மாறும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் 'லோகேல் சார்மேப்' என்று அடித்துப் பாருங்கள். ஆன்சி_எக்ஸ்3.4-1968 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்த பழைய ஆஸ்கிதான் அது. இன்னொரு சோதனை: 'அம்மா' என்பதை பிரின்ட்எஃப் வழியாக, எழுத்தெண்ணும் டபிள்யூசி கட்டளைக்கு, எம் ஆப்ஷனோடு அனுப்புங்கள். 15 வந்தால் பைட்டை எண்ணுகிறது. சரியான விடை 5. (மூன்றெழுத்துக்கு 5 எப்படி என்றால், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் யூனிகோடில் தனித்தனி இடம்.)

பைத்தானை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். 3.7 முதல் அது சி லோகேலைக் கண்டால் தானாகவே யூடிஎஃப்-8க்குத் தாவிவிடுகிறது. ஸ்கிரிப்ட் நன்றாக ஓடும். பக்கத்திலேயே கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை, பெயரில் உள்ள 'அ'வை \340\256\205 என்று துப்பிக்கொண்டிருக்கும்.

இமேஜை உருவாக்கும் டாக்கர்ஃபைலில் லாங்-க்கு சி.யூடிஎஃப்-8 என்று ஒரு வரி கொடுங்கள், போதும். டெபியனில் இது கூடவே வருகிறது. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2022இல் 2.35 பதிப்பில்தான் இதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பலர் வழக்கமாக என்_யூஎஸ் என்ற அமெரிக்க ஆங்கில லோகேலைப் போடுகிறார்கள். அது நிறுவப்படாத இமேஜில் பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் சி-க்கே திரும்பிவிடும். பெர்ல் மொழி மட்டும் பாவம், எச்சரிக்கை விட்டுக் கத்தித் தீர்க்கும்.

எல்சி_ஆல் என்ற மாறியைத் தொடாதீர்கள், லாங் உட்பட மற்ற எல்லா லோகேல் மாறிகளையும் அது அமுக்கிவிடும். சி.யூடிஎஃப்-8 யூனிகோடு எண்படி அடுக்குவதால் ன, ப-வுக்கு முன்னும், ற, ல-வுக்கு முன்னும் வந்து நிற்கும். லாக் ஃபைலுக்கு இது போதும், வாக்காளர் பட்டியலுக்கு ஆகாது. பெயர்ப் பட்டியல் என்றால் லோகேல்ஸ் பேக்கேஜை நிறுவி டிஏ_ஐஎன்.யூடிஎஃப்-8 என்ற தமிழ் லோகேலை உருவாக்கி, பட்டியலை அடுக்கும் அந்த ஒரு சார்ட் கட்டளைக்கு மட்டும், வரிசையைத் தீர்மானிக்கும் எல்சி_கொலேட் மாறியாகக் கொடுங்கள்.

ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் இமேஜை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே ஜிலிப்சிக்குப் பதிலாக இருப்பது மசல் என்ற நூலகம். எந்த மாறியும் இல்லாவிட்டால் அது யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் தமிழ் அகரவரிசையை அதனிடம் கேட்காதீர்கள்.