ஆர்பிஎம் ஸ்பெக் கோப்பில் மேக்ரோக்களும் சொந்த நடையும்

ஃபெடோரா, ஓப்பன்சூசே போன்ற லினக்ஸ் வழங்கல்களுக்கு ஆர்பிஎம் பொதி (மென்பொருளை நிறுவத் தரும் கோப்பு) தயாரிப்பவர், அதைக் கட்டும் முறையைச் சொல்லும் ஸ்பெக் கோப்பில் எதை மேக்ரோவாக (கட்டும்போது வேறொரு மதிப்பாக விரியும் பெயராக) எழுதுவது, எதை அப்படியே விடுவது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கணினிக்குக் கணினி மாறக்கூடியவற்றுக்கு மட்டும் மேக்ரோ போதும்.

நூலகக் கோப்புகள் செல்லும் அடைவு அப்படி மாறுவதுதான். 64 பிட் இன்டெல் கணினியில் இயங்கும் ஃபெடோராவில் அது 'லிப்64'. 32 பிட் பொதியாகக் கட்டும்போது வெறும் 'லிப்'. அங்கே லிப்டிர் மேக்ரோவை எழுதினால் ஒரே ஸ்பெக் கோப்பு இரண்டுக்கும் பொருந்தும். கோப்புகளை அழிக்கவும் நகலெடுக்கவும் உதவும் அன்றாடக் கட்டளைகளுக்குக்கூட இரட்டை அடிக்கோட்டில் தொடங்கும் மேக்ரோக்கள் உண்டு. அவற்றால் வாசிப்பவரின் கண்தான் களைக்கும். தேவையின்றிப் பயன்படுத்த வேண்டாம் என்றே ஃபெடோராவின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

கட்டும்போது கோப்புகள் தற்காலிகமாக நிறுவப்படும் பில்ட்ரூட் அடைவை மேக்ரோவாகவும் குறிக்கலாம், டாலர் குறியுடன் ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) மாறியாகவும் குறிக்கலாம். இரண்டில் எது அழகு என்பது அவரவர் விருப்பம். ஆனால் ஒரே கோப்பில் இரண்டையும் கலக்கக் கூடாது. பிறர் எழுதிய கோப்பைத் திருத்தும்போது அவருடைய நடையையே தொடருங்கள்.

சொந்த மேக்ரோவை வரையறுக்க டிஃபைன், குளோபல் என இரு வழிகள் இருக்கின்றன. டிஃபைன் கொண்டு எழுதிய மேக்ரோ, பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் புதிதாக விரியும் என்பதால், அதற்குள் ஒரு ஷெல் கட்டளை இருந்தால் அதுவும் ஒவ்வொரு முறையும் ஓடும். குளோபல் வரையறுத்த இடத்திலேயே விரிந்து, கிடைத்த மதிப்பை வைத்துக்கொள்ளும். தாமதமாக விரிவதற்குத் தனிக் காரணம் இல்லாவிட்டால் குளோபலையே எழுதுங்கள்.

புதியவர்களைப் பெரிதும் குழப்புவது குறிப்பு வரி. வரியின் தொடக்கத்தில் # இட்டாலும் அதிலுள்ள மேக்ரோ விரியும். மூலநிரலைக் கட்டத் தயார்செய்யும் கான்ஃபிகர் போலப் பல வரிகளாக விரியும் மேக்ரோவாக இருந்தால், முதல் வரி மட்டுமே குறிப்பாக நின்று மற்றவை கட்டளைகளாக ஓடிவிடும். ஆகவே, குறிப்பில் வரும் % குறியை இரட்டிப்பாக்கி %% என்று எழுத வேண்டும்.

வீட்டு அடைவில் புள்ளியுடன் தொடங்கும் ஆர்பிஎம்மேக்ரோஸ் கோப்பு முழுக்க உங்களுடையது. பொதிகளைக் கட்டும் அடைவு, தயாரிப்பாளர் பெயர் போன்றவற்றை அங்கே வைக்கலாம். ஆனால், அதில் மட்டும் வரையறுத்த மேக்ரோவை ஸ்பெக் கோப்பு நம்பியிருந்தால், பிறர் கணினியில் அது விரியாமல் எழுதியபடியே நிற்கும். கேள்விக்குறியிட்டு எழுதியிருந்தாலோ சத்தமில்லாமல் வெறுமையாகிவிடும், இது இன்னும் ஆபத்தானது. எனவே கோப்பைப் பிறரிடம் தருமுன், ஆர்பிஎம்ஸ்பெக் கருவியால் அதன் விரிந்த வடிவத்தைப் படித்துவிட்டு, மாக் கருவி உருவாக்கும் தூய சூழலில் ஒருமுறை கட்டிப் பாருங்கள்.