கிற்றாருக்குப் பிக்கப் போடப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

மைக்குக்கு முன்னால் கிற்றாரைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்று வாசிப்பது எல்லோருக்கும் சரிவராது. தேவாலயப் பாடகர் குழாமில் இருப்பவர், கல்யாண மண்டபத்தில் வாசிப்பவர், திருவிழா மேடையில் ஏறுபவர் என்று எவரும் ஒரு கட்டத்தில் சாதாரண கிற்றாருக்குள், கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒரு பிக்கப் போட்டுவிடலாம் என்று யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். போட்ட பிறகு வரும் முறைப்பாடுகளும் கிளிநொச்சியில் கேட்டாலும் புதுக்குடியிருப்பில் கேட்டாலும் ஒன்றுதான். “அண்ணை, தகரத்தில தட்டுற மாதிரிக் கேக்குது.” “ஒரு கம்பி மட்டும் சத்தமே இல்லை.” “கொஞ்சம் கூட்டினால் ஊளையிடுது.” பழி உடனே பிக்கப்பின் மேல் விழும். கழற்றிப் பார்த்தால் அது நன்றாகத்தான் இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் மரத்திலோ, அதன் வயர் போய்ச் சேரும் பெட்டியிலோதான் கோளாறு இருக்கும்.

முதல் பிழை கடையிலேயே தொடங்கிவிடுகிறது: எங்கே வாசிக்கப் போகிறோம் என்று யோசிக்காமல் வாங்குவது. கிற்றாருக்குள் போடும் பிக்கப்பில் பெரும்பாலும் மூன்று வகை உண்டு. கம்பிகள் தங்கி நிற்கும் சிறு துண்டான சாடிலுக்கு அடியில் மெல்லிய பட்டியாகப் படுத்திருக்கும், அழுத்தினால் மின் பிறக்கும் பியசோ ஒன்று. முன்பலகையின் உட்புறத்தில், சாடிலைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜுக்கு நேர் கீழே ஒட்டும் சிறு பியசோ தட்டுகள் இன்னொன்று. கே அண்ட் கே நிறுவனத்தின் மூன்று தட்டு பிக்கப் இந்த வகைதான். மூன்றாவது, ஒலித்துளையின் குறுக்கே மாட்டும் காந்தப் பிக்கப். தட்டுகள் மரத்தின் இயல்பான குரலை நன்றாகவே கொண்டுவரும், ஆனால் பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஊளையிடுவதிலும் அவைதான் முந்திக்கொள்ளும். ஒரு சிறிய தேவாலயத்துக்குள் பூசைக்கு வாசிப்பவருக்கு நான் தட்டுகளைத்தான் சொல்வேன். வற்றாப்பளைப் பொங்கல் நேரத்தில் திறந்தவெளி மேடையில் டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவே நிற்கப் போகிறவருக்குக் காந்தப் பிக்கப் அல்லது சாடில் அடிப் பட்டி போதும். அங்கே மரத்தின் நுணுக்கத்தை யார் கேட்கப் போகிறார்கள்!

காந்தப் பிக்கப் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது உருக்குக் கம்பியின் அசைவை மட்டும்தான் உணரும். பாடசாலைகளில் பழகும் நைலோன் கம்பிக் கிற்றாருக்கு அதைப் போட்டால் சத்தமே வராது. உருக்குக் கம்பிக் கிற்றாரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தடித்த நான்கு கம்பிகளின் நடுவில்தான் உருக்கு, மேலே சுற்றியிருப்பது வெண்கலம். வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது. அதனால் சுற்றில்லாத மெல்லிய இரண்டு கம்பிகளும் மற்றவற்றை அமுக்கிக்கொண்டு கத்தும். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக உயர்த்தித் தாழ்த்தும் திருகு உள்ள பிக்கப்பாகப் பார்த்து எடுத்தால் இதைச் சமாளிக்கலாம்.

சாடில் அடிப் பட்டி வாங்குவதென்றால், ஓடர் போடும் முன் பிரிட்ஜில் உள்ள பள்ளத்தின் அகலத்தை அளந்துவிடுங்கள். ஃபிஷ்மன் மேட்ரிக்ஸ் போன்றவை 3.2 மில்லிமீற்றரிலும் 2.3 மில்லிமீற்றரிலும் வருகின்றன. இங்கிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் பார்சல் போட்டு மாற்றி எடுக்கும் அலைச்சலுக்கு ஒரு நிமிட அளவு எவ்வளவோ மேல். வேர்னியர் இல்லையா? சாடிலைக் கழற்றிவிட்டு 3 மில்லிமீற்றர் டிறில் பிற்றின் தண்டை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். இறங்கினால் அகலமானது, இறங்காவிட்டால் ஒடுக்கமானது.

வேலை தொடங்கும் முன் பிரிட்ஜையும் ஒருமுறை பாருங்கள். அதன் பின்விளிம்பின் கீழே ஒரு கடதாசித் துண்டு நுழைந்தால் பிரிட்ஜ் கிளம்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மத்தியான வெயிலில் வாகனத்துக்குள் வைத்த கிற்றார்களில் இது வரும், சூட்டில் பசை இளகிவிடும். அப்படியான கிற்றாருக்கு முதலில் பிரிட்ஜை ஒட்டுங்கள், பிக்கப் பிறகு பார்க்கலாம்.

சாடிலில்தான் முக்கால்வாசிப் பிரச்சினை

சாடிலுக்கு அடியில் போடும் பட்டி அழுத்தத்தால் வேலை செய்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் பிறக்கும் என்று 1880 இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள்; பியசோ என்பது அதுதான். ஆறு கம்பிகளும் சாடிலை அழுத்த, சாடில் பட்டியை அழுத்த, பட்டி பள்ளத்தின் தரையை அழுத்த வேண்டும். இந்த வரிசையில் எங்காவது ஒரு தலைமயிர் அளவு இடைவெளி இருந்தால் அதற்கு மேலே இருக்கும் கம்பி ஊமையாகிவிடும். ‘ஒரு கம்பி மட்டும் கேக்குதில்லை’ என்ற முறைப்பாட்டின் கதை அநேகமாக இவ்வளவுதான்.

எனவே பள்ளத்தின் தரை சமமாக இருக்க வேண்டும். மலிவான கிற்றார்களில் சாடிலைப் பசை போட்டு இறக்கியிருப்பார்கள். அதைக் கழற்றிய பின் தரையில் பசைக் கட்டிகள் மிஞ்சும். கூரான சிறிய உளியால் அவற்றைச் சுரண்டி, தூசியை ஊதிவிட்டு, விரல்நகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் படாத மேடு நகத்துக்குப் படும்.

அடுத்தது சாடிலின் அடிப்பக்கம். பட்டி எவ்வளவு தடிப்போ அவ்வளவை அங்கிருந்து தேய்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் கம்பிகள் உயர்ந்துவிடும். சாடில் 1 மில்லிமீற்றர் உயர்ந்தால் பன்னிரண்டாவது கட்டையில் கம்பி அரை மில்லிமீற்றர் உயரும். கைக்கு அது நன்றாகவே தெரியும். சிலர் சாடிலைக் கையில் பிடித்துக்கொண்டு அரத்தால் ராவுகிறார்கள். அப்படி ராவினால் நடு உயர்ந்து இரு முனைகளும் தேய்ந்துவிடும். ஒரு தடித்த கண்ணாடித் துண்டின் மேல் சாண்ட் பேப்பரை ஒட்டிவிடுங்கள். சாடிலின் அடி முழுவதும் பென்சிலால் கறுப்பாக்குங்கள். ஒரு சதுரக் கட்டையை அணையாக வைத்து, சாடிலை அதில் சாய்த்து நேராக முன்னும் பின்னும் இழுங்கள். பென்சில் கறுப்பு எங்கும் ஒரே நேரத்தில் மறைந்தால் அடி சமம். ஒரு மூலையில் மட்டும் கறுப்பு மிஞ்சினால் அங்கேதான் ஒரு கம்பி ஊமையாகப் போகிறது என்று இப்போதே சொல்லிவிடலாம்.

சாடில் பள்ளத்தில் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதில் பலர் பிழை விடுகிறார்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்துத் தட்டித் தட்டி இறக்குகிறார்கள். அப்படி இறங்கிய சாடிலை இரண்டு பக்கச் சுவர்களும் பிடித்துக்கொள்ளும். கம்பியின் அழுத்தம் பட்டிக்குப் போய்ச் சேராது. தளர்வாக இருந்தால் சாடில் முன்னால் சாயும். விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், கிற்றாரைக் கவிழ்த்தால் உடனே கழன்று விழவும் கூடாது. நம்மூரில் இந்தப் பொருத்தம் காலத்தோடு மாறும். சோளகம் அடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும், மாரியில் ஈரம் ஏறி ஊதும். கோடையில் கச்சிதமாக இருந்த சாடில் மார்கழியில் இறுகிவிடலாம். அதனால் போட்ட வேலையை அடுத்த மாரியில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

ஊமைக் கம்பிக்குக் கீழே சிகரெட் பெட்டி அட்டையைச் செருகும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அட்டை சில நாளில் நசுங்கும், பிறகு பக்கத்துக் கம்பியும் சேர்ந்து படுத்துவிடும்.

பட்டியின் வயர் கீழே போவதற்குப் பள்ளத்தின் ஒரு முனையில் துளை போட வேண்டும். போடும் முன் உள்ளே ஒரு சிறிய கண்ணாடியும் போன் ரோச்சும் வைத்து, அந்த இடத்தில் உட்சட்டம் ஓடுகிறதா என்று பாருங்கள். துளையைச் சற்றுச் சரிவாகப் போட்டு அதன் மேல் விளிம்பை மழுக்கிவிடுங்கள். செங்குத்தாக மடங்கிய பட்டி அந்த மடிப்பிலேயே செத்துப்போகும்.

உள்ளே ஒட்டும் தட்டுகளுக்கு இவ்வளவு பாடு இல்லை, ஆனால் இடம் பார்த்து ஒட்ட வேண்டும். ஒலித்துளைக்குள் கையை விட்டு எட்டிய இடத்தில் ஒட்டிவிட்டு வருவது கூடாது. பிரிட்ஜுக்குக் கீழே உள்ளே ஒட்டியிருக்கும் கடின மரத் தட்டில், சாடிலுக்கு நேர் கீழே வர வேண்டும். முதலில் இருபக்கப் பசை நாடாவால் ஒட்டி, கம்பி ஏற்றி, ஆறு கம்பிகளும் சமமாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள். பிறகு சுப்பர் குளூ. நாடாவோடு விட்டுவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மத்தியானம் போதும், தட்டு கழன்று உள்ளே தொங்கும். பஸ்ஸருக்கு விற்கும் பித்தளைத் தட்டை வைத்துச் சொந்தமாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். செய்யலாம். ஈயம் பற்றவைக்கும்போது சூட்டை நீட்டிப் பிடிக்காதீர்கள், அந்த வெள்ளைப் பூச்சு அதிக சூட்டில் தன் சக்தியை இழந்துவிடும். வயரையும் கவசம் உள்ளதாகப் போடுங்கள், இல்லையென்றால் இரைச்சல் தாங்காது.

துளையும் வெட்டும்

கிற்றாரின் பின்முனையில் தோள்பட்டி மாட்டும் குமிழின் இடத்தில்தான் வயரைச் செருகும் ஜாக் வரும். அதற்கு ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் துளை வேண்டும். ஏற்கெனவே அங்கே சிறு துளை இருக்கும். அதில் 12 பிற்றை வைத்து டிறிலை அழுத்தினால் பிற் மரத்தைக் கவ்விப் பிடித்துச் சுழன்று, மெருகையும் உள்கட்டையையும் பிளந்துவிடும். கூம்பு வடிவ ரீமரால் கையாலேயே சுற்றிப் பெருப்பிப்பதுதான் பாதுகாப்பு. அது கிடைக்காவிட்டால் அலுமினிய ஜன்னல் வேலை செய்பவர்களிடம் படிப்படியாக அகலும் டிறில் பிற் இருக்கும், இரவல் கேளுங்கள். ஜாக்கின் நட்டை இறுக்கும்போது அதன் வெளிமுனையில் உள்ள குறுக்குத் துளையில் ஒரு மெல்லிய கம்பியைச் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் இறுக்கினால் ஜாக் உள்ளே சேர்ந்து சுழன்று வயரை முறுக்கி அறுத்துவிடும்.

சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைப்பதற்குப் பக்கப் பலகையில் சதுரமாக வெட்டி வைக்கும் ஈகியூ பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒட்டுப்பலகைக் கிற்றாருக்குச் சரி. முழு மரத்தில் செய்த நல்ல பழைய கிற்றாரில் அந்த ஓட்டையை வெட்டச் சொன்னால் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். அந்தப் பெட்டி பழுதாகிப் போன பிறகும் ஓட்டை இருக்கும். ஒலித்துளை விளிம்பில் ஒட்டும் சின்னக் கட்டுப்பாட்டுச் சக்கரங்கள் அதே வேலையைச் செய்கின்றன.

தகரச் சத்தம் எங்கிருந்து வருகிறது

பியசோவை நேராக மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் செருகுவதால்தான். பியசோ ஒரு மின்தேக்கி போன்றது. அதன் கொள்ளளவு 1 நானோபரட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 10 கிலோ ஓம் மின்தடையுள்ள லைன் உள்ளீட்டில் சுமார் 16,000 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் தேயத் தொடங்கிவிடும். 1 மெகா ஓம் உள்ளீட்டில் அந்த எல்லை 160 ஹேர்ட்ஸுக்கு இறங்கும், 10 மெகா ஓமில் 16 ஹேர்ட்ஸ். கிற்றாரின் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. சவுண்ட் செற்காரரின் மிக்ஸரில் அது எப்படிக் கேட்கும்? மெல்லிய ‘கிளிக் கிளிக்’ மட்டும் மிஞ்சும். பற்றறி இல்லாத பிக்கப் போட்டால் கூடவே சிக்னலைப் பலப்படுத்தும் ஒரு பிரீஆம்ப்புக்கோ, 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீடுள்ள, சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் அக்டிவ் டி.ஐ. பெட்டிக்கோ காசை ஒதுக்குங்கள். மலிவுப் பிக்கப்பும் நல்ல பிரீஆம்ப்பும், நல்ல பிக்கப்பும் வெறும் வயரும் என்று இரண்டு வழி இருந்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

பற்றறியுள்ள பிக்கப்பில் ஜாக்தான் சுவிட்ச். பிளக்கைச் செருகியதும் 9 வோல்ட் பற்றறி இணையும், கழற்றினால் நிற்கும். ஞாயிறு பூசை முடிந்து வயரைச் செருகியபடியே விட்டுவிட்டு வந்தால் அடுத்த ஞாயிறு கிற்றார் கரகரக்கும். பழுதான ஜாக்கை மாற்றும்போது மூன்று இணைப்புள்ள ஸ்ரீரியோ ஜாக்காகவே போடுங்கள், சாதாரண இரண்டு இணைப்பு ஜாக்கில் அந்தச் சுவிட்ச் வேலை நடக்காது.

ஊளைக்கு மருந்து பெரும்பாலும் கிற்றாருக்கு வெளியே இருக்கிறது. பெரிய உடம்புக் கிற்றாரில் உள்ளே அடைந்த காற்று 100 ஹேர்ட்ஸ் அளவிலும் முன்பலகை 200 ஹேர்ட்ஸ் அளவிலும் தானாக அதிரும். மிக்ஸரில் அந்த இரண்டு இடத்தையும் சற்றுக் குறைத்து, ஒலித்துளைக்கு ஒரு ரப்பர் மூடி போட்டு, மொனிற்றர் ஸ்பீக்கரின் நேர் முன்னால் நிற்காமல் விலகி நின்றால் பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

இரைச்சல் வேறு விசயம். ஜெனரேற்றரில் ஓடும் மேடைகளில் சில சமயம் ஏர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் கேட்டதும் யாராவது ஒருவர் ஆம்பின் மூன்று முள் பிளக்கில் ஏர்த் இணைப்பைக் கழற்றிவிடுவார், சத்தமும் நின்றுவிடும். அதைச் செய்ய விடாதீர்கள். பிக்கப் போட்ட பிறகு ஜாக்கின் உலோகமும், சில அமைப்புகளில் கம்பிகளும், ஆம்பின் உடலோடு இணைந்துவிட்டன. ஆம்பில் 230 வோல்ட் கசிந்தால், ஏர்த் உள்ள மைக்கில் உதடு படும்போது அது பாடுபவரின் உடம்பு வழியாகத்தான் போகும். ரீங்காரம் தாங்க முடியாவிட்டால் டி.ஐ. பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் வயரின் ஏர்த் இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும், ஆம்பின் ஏர்த்தைத் தொடாது.